மல்லாவியிலிருந்து மைனர் லீக்: ஒரு செயலியும் அதன் வீரர் மாற்றப் பட்டியலும்

வட அமெரிக்காவின் உச்ச பேஸ்போல் லீக்கான மேஜர் லீக் பேஸ்போல் அமைப்பு, மைனர் லீக் எனப்படும் தன் கீழ்நிலை லீக்குகளுக்கென நடத்தும் செயலியையும் இணையப் பக்கங்களையும் 2023ஆம் ஆண்டிலிருந்து மல்லாவியில் இருந்தபடி பாவித்து வருகிறேன். இதற்குள் மூன்று பருவங்கள் முடிந்துவிட்டன. முதல் இரண்டு பருவங்களிலும் காசு கட்டாமல் கிடைக்கும் பகுதிகளை மட்டுமே பார்த்தேன். 2025இல்தான் காணொளிக்கான ஆண்டுச் சந்தாவையும் சேர்த்துக்கொண்டேன். கனடாவில் உறவினர் இல்லாத வீடு வன்னியில் குறைவு. 2025 ஒக்டோபரில் ரொறன்ரோ புளூ ஜேய்ஸ் அணி மேஜர் லீக்கின் இறுதித் தொடரான உலகத் தொடருக்குப் போனபோது அந்த உறவினர்கள் அனுப்பிய படங்கள் எங்கள் ஆசிரியர் அறையிலும் கைமாறின. "சேர், இதை இஞ்ச இருந்து எப்பிடிப் பார்க்கிறது?" என்று கேட்டவர்களுக்கு அப்போது வாயால் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இச்சேவையில் பெறுமதி மிக்க பகுதி காசு கேட்காத பகுதியே. அதிலும், புதிதாக வருபவர்கள் திறந்தே பார்க்காமல் கடந்துபோகும் வீரர் மாற்றப் பட்டியல்தான் இதன் உயிர். ஆட்டத்தின் எழுத்து விவரம் அதற்கு அடுத்த இடத்தில் நிற்கிறது. காணொளி நன்றாகவே இருக்கிறது; ஆயினும் எங்கள் பகுதியின் டேற்றாச் செலவையும் அலைவரிசையையும் வைத்துப் பார்த்தால் அது மூன்றாம் இடத்துக்கே உரியது.

இந்தப் பழக்கத்தை எனக்கு ஏற்படுத்தியவர் ஸ்காபரோவில் இருக்கும் என் அண்ணா. புளூ ஜேய்ஸ் 1992இலும் 1993இலும் உலகத் தொடரை வென்ற கதையைப் பலமுறை சொல்லி அலுத்தபின் ஒருநாள் தொலைபேசியில் அவர் சொன்னார்: "தம்பி, மேல் ரீமை எல்லாரும் பார்ப்பினம். நீ கீழ இருந்து வாறவங்களைப் பார். ஆர் எப்ப வருவான் எண்டு எங்களுக்கு முதலே தெரிஞ்சிருக்கும்." எல்லே விளையாடி வளர்ந்தவனுக்குப் பந்தை அடித்துவிட்டு வளைவாக ஓடும் ஆட்டம் விளங்கக் கடினமில்லை. ஆனால், அந்த ஆட்டத்துக்குக் கீழே இத்தனை பெரிய ஏணி நிற்கிறது என்பதை இந்தச் செயலியைத் திறந்த பின்னரே அறிந்தேன்.

அந்த ஏணியைச் சற்று விளக்கினால்தான் செயலியின் அமைப்பு புரியும். மேஜர் லீக்கில் 30 கழகங்கள் உள்ளன. 2021இல் செய்யப்பட்ட மறுசீரமைப்பின் பின்னர் ஒவ்வொரு கழகத்துக்கும் முழுப்பருவம் ஆடும் நான்கு துணை அணிகள் என, மொத்தம் 120 அணிகள் கீழே ஆடுகின்றன. புளூ ஜேய்ஸ் கழகத்துக்கு டிரிபிள்-ஏ நிலையில் பஃபலோ பைசன்ஸ், டபிள்-ஏ நிலையில் நியூ ஹாம்ஷயர் பிஷர் கற்ஸ், ஹை-ஏ நிலையில் வன்கூவர் கனேடியன்ஸ், சிங்கிள்-ஏ நிலையில் டனீடின் புளூ ஜேய்ஸ். அவற்றுக்கும் கீழே புளோரிடாப் பயிற்சித் திடல்களில் ஆடும் ஒரு லீக்கும், டொமினிக்கன் குடியரசில் பதின்ம வயதினர் ஆடும் கோடைகால லீக்கும் இருக்கின்றன. செயலியில் தாய்க் கழகத்தின் பெயரைத் தெரிவுசெய்தால் இவை எல்லாவற்றின் அன்றைய ஆட்டங்களும் ஒரே பக்கத்தில் வரிசையாக வந்துவிடுகின்றன. இந்த ஒரு வசதிக்காகவே இதை வடிவமைத்தவர்களைப் பாராட்டுவேன். நான்கு ஊர்களில் நான்கு அணிகள் ஆடுவதை ஒரே கட்டைவிரலால் மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிடலாம்.

இனி வீரர் மாற்றப் பட்டியல். ஒவ்வொரு நாளும் எந்த வீரர் எங்கிருந்து எங்கே அனுப்பப்பட்டார் என்பதைத் திகதி வாரியாக, ஒருவருக்கு ஒரு வரி வீதம் அது தருகிறது. படமில்லை, விளக்கமில்லை, காரணமில்லை. முதல் மாதம் முழுவதும் அவ்வரிகள் எனக்கு ஒன்றுபோலவே தெரிந்தன. பின்னர் ஒவ்வொரு வினைச்சொல்லும் ஒரு தனி விதியைச் சுமந்து நிற்கிறது என்பது மெல்ல விளங்கியது. மேல் அணியில் ஆடத் தகுதியுள்ள குழாம் 26 பேர் கொண்டது. அதைச் சூழ்ந்து 40 பேர் கொண்ட பெரிய குழாம் ஒன்று உண்டு. அந்த 40 பேரில் ஒருவராக இருந்துகொண்டு பஃபலோவில் ஆடும் வீரர் மேலே போனால், பட்டியல் அவர் "மீள அழைக்கப்பட்டார்" என்று எழுதும். 40 பேருக்கு வெளியே இருந்த ஒருவர் போனாலோ அவரது "ஒப்பந்தம் தெரிவுசெய்யப்பட்டது" என்று எழுதும். இரண்டும் மேலே போவதுதான். எனினும் இரண்டாவது வரியைக் கண்டால், உள்ளே இருந்த யாரோ ஒருவருக்கு இடம் போயிருக்கலாம் என்று உடனே தேடவேண்டும். 40 பேர் நிறைந்திருந்தால் புதியவருக்கு இடம்விட ஒருவர் விலக்கப்பட்டிருப்பார், அல்லது 60 நாள் உபாதைப் பட்டியலுக்கு மாற்றப்பட்டிருப்பார். அந்த வரி பெரும்பாலும் சில வரிகள் மேலேயோ கீழேயோ அதே திகதியில் இருக்கும்.

கீழே அனுப்புவதிலும் இதே நுணுக்கம் உண்டு. 40 பேர் குழாமில் உள்ள ஒருவரை, குழாமிலிருந்து நீக்காமலே கீழே அனுப்புவதற்கு ஒப்ஷன் என்று பெயர். ஒரு வீரருக்குப் பொதுவாக மூன்று பருவங்களுக்கே அது செல்லும். 2022 முதல் ஒரே பருவத்தில் ஐந்து தடவைக்கு மேல் ஒருவரை அப்படி அனுப்ப முடியாது. அனுப்பப்பட்ட துடுப்பாட்டக்காரர் 10 நாளும் பந்துவீச்சாளர் 15 நாளும் கீழே தங்கியாக வேண்டும்; யாராவது உபாதையடைந்து இடம் வெறிதானால் மட்டும் முன்னதாகத் திரும்பலாம். மூன்று பருவமும் தீர்ந்தவரைக் கீழே இறக்குவதற்கு வேறு வழி தேட வேண்டும். அதுதான் எல்லோரும் டி.எப்.ஏ. என்று சுருக்கிச் சொல்லும் நடவடிக்கை. அந்த எழுத்துகள் ஒருவர் பெயரோடு வந்துவிட்டால் அவர் அக்கணமே 40 பேரிலிருந்து வெளியேறிவிடுகிறார். ஏழு நாள்களுக்குள் அவரை வேறு கழகத்துக்கு மாற்றவோ, மற்றக் கழகங்கள் எடுக்கிறார்களா என்று பார்க்கவோ, எடுக்காவிட்டால் கீழே அனுப்பவோ, விடுவிக்கவோ வேண்டும்.

வன்னியில் ஆசிரியராக இருப்பவருக்கு இந்தப் பட்டியலை வாசிக்கப் பெரிய பயிற்சி தேவையில்லை என்பது என் அனுபவம். கஷ்டப் பிரதேசப் பாடசாலையில் கடமையாற்றி, தற்காலிக இணைப்பு, பதில் கடமை, வருடாந்த இடமாற்றம் என்ற சொற்களுக்கிடையே உள்ள வேறுபாட்டை அறிந்தவர்கள் நாங்கள். ஒப்ஷன் என்பது தற்காலிக இணைப்புக்கு நெருக்கமானது: நியமனம் மேலே இருக்கும், ஆள் கீழே வேலை செய்வார். என் முதல் இடமாற்றக் கடிதமும் ஒரே வரியில்தான் வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, வீட்டுக்கும் புதிய பாடசாலைக்கும் இடையில் எத்தனை பேருந்து ஏற வேண்டும் என்று எண்ணிய மாலை எனக்கு மறக்கவில்லை. ஆகவே, ஒரு இளைஞர் வன்கூவரிலிருந்து நியூ ஹாம்ஷயருக்கு மாற்றப்பட்டார் என்ற வரியை வாசிக்கும்போது, அவர் ஒரு கண்டத்தின் மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைக்கு ஒரு பையோடு போகிறார் என்பதை என்னால் எண்ணாமல் இருக்க முடிவதில்லை.

அந்த ஒரு வரிக்கு உள்ள பாரத்தைப் பணத்தில் சொன்னால் இன்னும் தெளிவாகும். மைனர் லீக் வீரர்கள் 2022இல்தான் தொழிற்சங்கத்தில் இணைந்தார்கள். 2023இல் கைச்சாத்தான முதலாவது கூட்டு ஒப்பந்தம் டிரிபிள்-ஏ வீரரின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளத்தை 17,500 டொலரிலிருந்து 35,800 டொலராகவும், அடிநிலைப் பயிற்சித் திடல் வீரரின் சம்பளத்தை 4,800 டொலரிலிருந்து 19,800 டொலராகவும் உயர்த்தியது. அதே 2023இல் மேஜர் லீக்கின் குறைந்தபட்சச் சம்பளம் 720,000 டொலர். அது நாள்கணக்கில் வழங்கப்படுவதால், 40 பேருக்கு வெளியே பஃபலோவில் ஆடியவர் மேலே ஏறத்தாழ பத்து நாள் இருந்தாலே கீழே ஒரு ஆண்டு முழுதும் உழைப்பதற்குச் சமமான தொகை வந்துவிடும். மேஜர் லீக் குழாமில் 43 நாள் நிறைவு செய்தவருக்கு ஓய்வூதிய உரித்தும் உண்டு. அரச சேவையில் ஓய்வூதியத்தின் அருமை தெரிந்த எவருக்கும் அந்த 43 என்ற எண் வெறும் எண்ணாகத் தெரியாது.

பட்டியலின் அருமையை 2025ஆம் ஆண்டு எனக்கு நன்றாகவே காட்டியது. டிரே யெசாவேஜ் என்ற வலதுகைப் பந்துவீச்சாளரை, கழகங்கள் புதுமுகங்களை முறைவைத்து எடுக்கும் வீரர் தெரிவில், 2024ஆம் ஆண்டின் முதற்சுற்றில் 20ஆவது இடத்தில் புளூ ஜேய்ஸ் எடுத்திருந்தது. அந்த ஆண்டு அவர் எந்தத் துணை அணிக்கும் ஆடவில்லை. 2025 ஏப்ரலில் டனீடினின் பட்டியலில் அவர் பெயரைக் கண்டு என் கொப்பியில் எழுதிவைத்தேன். அதன்பின் நான்கு மாதத்துக்குள் வன்கூவர், நியூ ஹாம்ஷயர், பஃபலோ என்று ஒவ்வொரு படியிலும் அவர் பெயர் ஒரு வரியாக வந்து போனது. நான்கு நிலைகளிலுமாக 98 இன்னிங்ஸ் (இங்கே மூவர் ஆட்டமிழந்தால் ஒரு இன்னிங்ஸ் முடிந்துவிடும்) வீசி 160 பேரை ஸ்ட்ரைக்அவுட் முறையில், அதாவது பந்தைக் களத்துக்குள் அடிக்கவே விடாமல், ஆட்டமிழக்கச் செய்தார். செப்டெம்பர் 15 அன்று அவரது ஒப்பந்தம் தெரிவுசெய்யப்பட்டது என்ற வரி வந்தது. அன்றே ரம்பா பே ரேய்ஸ் அணிக்கு எதிராக ஐந்து இன்னிங்ஸ் வீசி ஒன்பது பேரை வீழ்த்தினார். ஒக்டோபர் 29 அன்று, எங்கள் நேரப்படி 30ஆம் திகதி வியாழக்கிழமை காலை, உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸ் அணியை ஏழு இன்னிங்ஸுக்கு எதிர்கொண்டு ஒருவரைக்கூட இலவசமாக முதல் தளத்துக்கு நடக்கவிடாமல் 12 பேரை வீழ்த்தினார். உலகத் தொடரில் ஒரு அறிமுக வீரர் இத்தனை பேரை வீழ்த்தியது அதுவே முதல் தடவை. அன்று காலை ஆசிரியர் அறையில் அண்ணாவின் அழைப்பு வந்தபோது நான் சொன்ன முதல் வார்த்தை, "அண்ணா, டனீடினிலேயே எழுதி வைச்சனான்" என்பதுதான்.

எழுத்து விவரப் பகுதியைப் பற்றியும் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் எங்கள் நிலைமைக்கு மிகப் பொருத்தமானது அதுவே. கிழக்குக் கரையோரத்தில் மாலை 6.35க்குத் தொடங்கும் ஆட்டம் எங்களுக்கு மறுநாள் அதிகாலை 4.05. எங்கள் வளவில் அந்நேரம் அலைவரிசை சீராகக் கிடைக்கும் இடம் கிணற்றுக்கட்டு. அங்கே பிளேன்ரீயும் போனுமாக இருந்தால், திரையில் ஒரு சிறு பெட்டி தெரியும். அது துடுப்பாட்டக்காரர் அடிக்கவேண்டிய எல்லை. ஒவ்வொரு பந்தும் அந்தப் பெட்டியிலோ அதைச் சுற்றியோ ஒரு வட்டப் புள்ளியாக விழும்: எல்லைக்கு வெளியே போனதை அடிக்க முயலாமல் விட்டால் பச்சை, ஸ்ட்ரைக் (அடிக்கத் தவறியதாக எண்ணப்படும் பந்து; மூன்று சேர்ந்தால் ஆட்டமிழப்பு) என்றால் சிவப்பு, களத்துக்குள் அடிபட்டால் நீலம். புள்ளியின் மேல் அது எத்தனையாவது பந்து என்ற இலக்கம் இருக்கும். டிரிபிள்-ஏயிலும் டனீடின் ஆடும் புளோரிடா ஸ்டேட் லீக்கிலும் பந்தின் வகையும் வேகமும் சேர்ந்தே வரும். சிவப்பு, சிவப்பு, பெட்டியின் அடிக்கோட்டுக்கு நன்கு கீழே மீண்டும் ஒரு சிவப்பு என்றால், விழுந்து இறங்கும் பந்துக்குத் துடுப்பாட்டக்காரர் ஏமாந்து வீசிவிட்டார் என்று படம் பாராமலே தெரியும். பழைய நாள்களில் வானொலியில் கிரிக்கெட் வர்ணனை கேட்டு மைதானத்தை மனத்தில் வரைந்து பழகிய தலைமுறைக்கு இது புதிய வித்தையல்ல. ஒரு ஆட்டத்தின் காணொளிக்குச் செலவாகும் டேற்றாவில் ஒரு வாரத்துக்கும் மேலாக இந்த எழுத்து விவரத்தைப் பார்த்துவிடுகிறேன்.

புதிய விதிகள் மேலே போகுமுன் கீழேதான் பரீட்சிக்கப்படுகின்றன என்பதால், இந்த எழுத்து விவரம் நாளைய ஆட்டத்தையும் முன்கூட்டியே காட்டுகிறது. பந்துவீச்சுக்கான கடிகாரம் மைனர் லீக்குகளில் ஓடிப் பழகியபின் 2023இல் மேஜர் லீக்குக்கு வந்தது. நடுவரின் தீர்ப்பைக் கணினியிடம் முறையிடும் வழக்கமும் அப்படியே: டிரிபிள்-ஏயில் வீரர் தன் தலையைத் தட்டினால் தீர்ப்பு மீள்பரிசீலிக்கப்படும், அதன் முடிவும் அந்த எழுத்து வரிசையில் உடனே பதிவாகும். 2026 பருவத்தில் அதுவும் மேலே ஏறுகிறது.

இப்பகுதிக்கு உள்ள எல்லையை ஒரு உதாரணத்தால் சொல்லலாம். புளூ ஜேய்ஸின் அலெக் மனோவா 2022இல் தன் லீக்கின் சிறந்த பந்துவீச்சாளருக்கான வாக்கெடுப்பில் மூன்றாம் இடம் பெற்றவர். மறு ஆண்டு தடுமாறியபோது கழகம் அவரைப் பஃபலோவுக்கும் அனுப்பாமல் நேரே அடிநிலைக்கு, புளோரிடாப் பயிற்சித் திடலுக்கு, அனுப்பியது. 2023 ஜூன் இறுதியில் பதின்ம வயதினர் நிறைந்த ஒரு அணிக்கு எதிராக மூன்று இன்னிங்ஸைக்கூட முடிக்காமல் 11 ஓட்டங்கள் கொடுத்தார். செயலியில் எனக்குத் தெரிந்தது அவ்வளவே: ஒரு பெயர், எதிரே பதினொன்று. ஒரு வருடத்துக்கு முன் இலட்சக்கணக்கானோர் பார்த்த ஒருவர் அந்த வெயிலில் மேட்டில் எப்படி நின்றார், முகம் எப்படி இருந்தது என்பதை எந்தப் புள்ளியும் சொல்லவில்லை. காணொளிக்குப் பணம் கட்டும் எண்ணம் எனக்கு முதன்முதலில் வந்தது அந்தக் காலையில்தான். ஆனால் அடிநிலைத் திடல்களின் ஆட்டங்களுக்குக் காணொளி பெரும்பாலும் இல்லை என்பதைப் பின்னரே அறிந்தேன்.

காணொளியைப் பற்றிச் சுருக்கமாக. சந்தாவை வெளிநாட்டு நாணயத்தில்தான் கட்ட வேண்டும். என் வங்கி அட்டை அதற்கு இரண்டு தடவை மறுத்துவிட்டது, கிளையில் போய்க் கேட்டும் தெளிவான பதில் கிடைக்கவில்லை. கடைசியில் அண்ணாவின் அட்டையால் கட்டினோம். அட்டை விடயத்தை முதலில் தீர்த்துக்கொண்டு பருவம் தொடங்குமுன் கட்டுவது நல்லது. டிரிபிள்-ஏ ஆட்டங்களின் படம் கண்ணுக்கு நிறைவானது. பஃபலோவின் மைதானம் 1988இல் திறக்கப்பட்டது. 2020இலும் 2021இலும் பெருந்தொற்றால் எல்லை மூடியிருந்தபோது புளூ ஜேய்ஸே அங்கு தன் உள்ளூர் ஆட்டங்களை ஆடியது என்பதால், அதைப் பார்க்கும்போது ஒரு தனி மதிப்பு தோன்றுகிறது. கீழே இறங்க இறங்கக் கமராக்களின் எண்ணிக்கை குறைகிறது. சில ஆட்டங்களில் ஒரே கோணம்தான் கிடைக்கும், வர்ணனையாளரும் ஒருவர்தான். எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை. ஒரு வர்ணனையாளர் மட்டும் பருவம் முழுதும் அதே வீரர்களோடு பயணித்துப் பேசும்போது, அவர்கள் ஒவ்வொருவரையும் வீட்டுப்பிள்ளைபோல் அறிந்தே பேசுகிறார்.

நேரத்தைப் பொறுத்தவரை வன்கூவர் எனக்குப் பெரிய வரம். அங்கே இரவு 7.05 என்றால் இங்கே மறுநாள் காலை 7.35. பாடசாலை நாள்களில் அதற்கு வழியில்லை. சனி, ஞாயிறு காலைகளில் இடியப்பத்தோடும் சம்பலோடும் முழு ஆட்டத்தையும் பார்த்துவிடலாம். முழுப்பருவம் ஆடும் நான்கு அணிகளும் பெரும்பாலும் செவ்வாய் தொடங்கி ஞாயிறு வரை ஒரே எதிரணியோடு ஆறு ஆட்டங்கள் ஆடித் திங்களன்று ஓய்வெடுக்கின்றன. ஆகவே எங்கள் செவ்வாய்க்கிழமைக் காலைகள் வெறுமையாக இருக்கும். அன்று மாற்றப் பட்டியலை மட்டும் திறப்பேன், பெரும்பாலான இடமாற்றங்கள் அந்த ஓய்வுநாளை ஒட்டியே வருகின்றன என்பது என் கவனிப்பு.

குறைகளையும் மறைக்காமல் எழுத வேண்டும். மேல் அணியின் உபாதைப் பட்டியலில் முழங்கை, தோள், தொடை என்று உடலின் எந்தப் பகுதி என்பதையாவது எழுதுகிறார்கள். கீழ் அணிகளின் பட்டியலிலோ "ஏழு நாள் உபாதைப் பட்டியலில் சேர்க்கப்பட்டார்" என்பதோடு வரி முடிந்துவிடுகிறது. அந்த ஏழு நாள் சில வேளை ஏழு வாரமாகும், சில வேளை சத்திரசிகிச்சையில் முடிந்து அடுத்த ஆண்டும் போய்விடும். வீரரைப் பின்தொடர்பவருக்கு இது பெரிய வேதனை. "வளர்ச்சிப் பட்டியல்" என்று இன்னொன்று இருக்கிறது. ஒருவர் ஆடாமல் அணியோடு இருந்து பயிற்சி பெறுகிறார் என்பதற்காக ஏற்பட்டது அது. ஆனால் அவர் ஏன் அங்கே வைக்கப்பட்டார், களைப்புக்கா, திருத்தத்துக்கா, குழாமில் இடமில்லாமலா என்பதைப் பட்டியல் ஒருபோதும் சொல்வதில்லை. சொற்சுருக்கங்களுக்கு விளக்கம் அதே பக்கத்தில் இல்லை. நான் எழுதிய விதிகளை எல்லாம் வேறு பக்கங்களில் தேடித் தேடியே படித்தேன். ஒவ்வொரு சொல்லையும் தொட்டவுடன் இரண்டு வரியில் விளக்கம் வரும்படி செய்தால் புதியவர் பாதியில் விட்டுப்போக மாட்டார். இந்த ஒரு திருத்தத்தை இதை நடத்துபவர்கள் செய்யவேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறேன்.

எதிர்பார்ப்புக்குரிய வீரர்களின் தரவரிசையும் இதே அமைப்பின் பக்கங்களில் உண்டு. ஒவ்வொரு கழகத்துக்கும் 30 பேர், முழு லீக்குக்கும் 100 பேர். ஒவ்வொரு திறமைக்கும் 20 முதல் 80 வரை புள்ளி வழங்குகிறார்கள். 50 என்பது மேஜர் லீக்கின் சராசரி. தொடக்கத்தில் அதை வேதமாக வாசித்தேன், இப்போது ஒரு வழிகாட்டியாக மட்டும் வைத்திருக்கிறேன். அலெஹான்ட்ரோ கேர்க் என்ற பந்துபிடிப்பாளரை மெக்சிக்கோவிலிருந்து கழகம் 30,000 டொலருக்கே பெற்றது. 2020இல் மைனர் லீக் பருவம் முழுவதும் இரத்தான ஆண்டில், டபிள்-ஏயையோ டிரிபிள்-ஏயையோ மிதிக்காமலே அவர் நேராக மேலே வந்தார். டேவிஸ் ஷ்னைடர் 2017 வீரர் தெரிவின் 28ஆவது சுற்றில் எடுக்கப்பட்டவர். இன்று அந்தத் தெரிவு 20 சுற்றோடு முடிந்துவிடுவதால் அப்படியொரு சுற்றே இல்லை. ஆறு ஆண்டுகள் படிப்படியாக ஏறி, 2023 ஓகஸ்ட் 4 அன்று பொஸ்ரனில் தன் முதல் முயற்சியிலேயே பந்தை எல்லைக்கு வெளியே அடித்தார்; முதல் மூன்று ஆட்டங்களில் ஒன்பது அடிகள். ஷ்னைடரின் பெயரோடு "ஒப்பந்தம் தெரிவுசெய்யப்பட்டது" என்ற வரி வந்ததைக் கிணற்றுக்கட்டில் இருந்து வாசித்தது, இந்தச் செயலி எனக்குத் தந்த முதல் பெரிய மகிழ்ச்சி.

வன்னியில் இதைத் தொடங்க விரும்புபவருக்கு என் ஆலோசனை இதுவே. முதலில் ஒரு சதமும் கட்ட வேண்டாம். ஒரு கழகத்தை மட்டும் தெரிவுசெய்யுங்கள். 30 கழகங்களையும் பார்க்க முயன்றால் ஒரு வாரத்தில் களைத்துவிடுவீர்கள். அறிவித்தல்களை ஓட்டங்களுக்கு வைக்காதீர்கள், அதிகாலையில் போன் ஓயாமல் ஒலித்து வீட்டில் எல்லோரையும் எழுப்பிவிடும். மாற்றப் பட்டியலை நாளுக்கு ஒருமுறை, ஒரே நேரத்தில் திறந்து பாருங்கள். ஒரு கொப்பி வைத்துக்கொள்வது நல்லது. ஒரு பருவம் முழுதும் அலுக்காமல் பார்த்த பின்னும் அந்த முகங்களைக் காண வேண்டும் என்ற ஆவல் நின்றால், அப்போது காணொளிக்குக் கட்டலாம். இணையம் நிலையாக உள்ள கிளிநொச்சி, வவுனியா நகர்ப் பகுதியினருக்கு அது முதலாண்டிலேயே பலன் தரும். மல்லாவி, துணுக்காய், ஒட்டுசுட்டான் பக்கம் இருப்பவர்கள் அவசரப்பட வேண்டியதில்லை.

என் கொப்பி, பாடசாலை வரவுப் பதிவேட்டைப் போலவே கோடு போட்டது. இடப்பக்கத்தில் பெயர், அடுத்து பிறந்த ஆண்டு, பின் மாதத்துக்கு ஒரு நிரல். டனீடினுக்கு ட, வன்கூவருக்கு வ, பிஷர் கற்ஸுக்கு பி, பஃபலோவுக்கு ப, உபாதைக்குச் சிவப்புப் புள்ளி. உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம் நவம்பர் 2 ஞாயிறு காலை, பதினோராவது இன்னிங்ஸில், 5–4 என்று கைநழுவிய பிறகு இரண்டு நாள் அதைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் எங்கள் பாடசாலை எல்லே அணியில் ஆடும் ஒரு மாணவன் மேசையில் கிடந்த அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சேர், இந்தக் கடைசிப் பக்கத்துப் பெடியளுக்கு என்ன வயசு?" என்று கேட்டான். டொமினிக்கன் கோடைகால லீக்கின் பெயர்கள் அவை. புளூ ஜேய்ஸின் நட்சத்திரம் விளாடிமிர் குரேரோ ஜூனியர் 2015இல் 39 இலட்சம் டொலருக்குக் கையெழுத்திட்டபோது அவருக்குப் பதினாறு வயது; இவர்களும் ஏறத்தாழ அதே பதின்ம வயதினர். சொன்னேன். அவன் ஒரு பெயரின் மேல் விரலை வைத்து, "இவனை நான் பார்க்கிறன் சேர்" என்றான். 2026க்கான பக்கத்தில் அந்தப் பெயருக்கு எதிரே அவனது பெயரின் முதலெழுத்தையும் சேர்த்து எழுதிவைத்திருக்கிறேன்.